பத்தாவது ஆணி

மார்ச் 2

என் அன்பு அக்காவுக்கு,

சில்வண்டு எழுதுகிறேன். நாள் முழுக்க நின்று அடுத்தவர் கால்களுக்கு ஷூ மாட்டிவிடும் நீ, உன் கால்களையும் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். நான் குளியலறையில் வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது எழுந்து வந்தால் குழாயைத் திறந்துவிடுவேன். எழுத்து கோணலாக இருந்தால் வாளியைத் திட்டு.

பதிலைப் பள்ளிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடை விலாசத்துக்கே போடு. "அக்கா லெட்டர்னு நிஜமா சொல்றியா, இல்ல அக்கான்னு பேர் வச்ச யாராவதா?" என்று கடைக்காரம்மா கேட்டார். நல்லவர்தான். யாரிடமும் சொல்ல மாட்டார்.

இந்த மாதம் இருபத்துமூன்றாம் தேதி தேர்வு ஓட்டம். மூவாயிரம் மீட்டர், ஏழரைச் சுற்று. முதல் இரண்டு பேருக்கு விளையாட்டு விடுதியில் இடம், படிப்பும் அங்கேயே. அக்கா, அந்த விடுதி நீ இருக்கும் ஊரில். அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

அப்பா பரணிலிருந்து உன் பழைய ஸ்பைக்ஸை, அடியில் ஆணி வைத்த அந்த ஓட்ட ஷூவை, இறக்கினார். உன் பெயரைச் சொல்லவில்லை, "அந்த ஷூ" என்றார். எனக்கு இரண்டு அளவு சின்னது. "ஸ்பைக்ஸ் காலோட தோல் மாதிரி ஒட்டணும். நனைச்சுப் போட்டுக்கிட்டுக் காலிலயே காயவிடு, சரியாயிடும்" என்கிறார். மூன்று நாளாக ஈரத்தோடு போட்டுக்கொண்டு படிக்கிறேன். பெருவிரல் நகம் இரண்டும் கறுத்துவிட்டது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணு வாங்கிக் குடுங்களேன்" என்றாள். வாங்கித் தருகிறாராம். அவருக்குத் தெரிந்த கடையில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒன்று ராக்கெட் மாதிரி முன்னால் வளைந்து, அடித்தகடு கல்லாக இருக்கும், குதிகாலில் ஒன்றுமே இல்லை. இன்னொன்று மெத்தென்று இருக்கும். அப்பாவுக்கு ராக்கெட்தான் பிடித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லச் சொல்லியிருக்கிறார். எதை எடுக்கட்டும்?

உன்,
சில்வண்டு

பி.கு.: ஓடுகிறவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலித்தால் எத்தனை நாளில் போகும்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.


மார்ச் 5

அடி என் சில்வண்டுக்கு,

உன் கடிதத்தைக் கடையின் பின்னறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து படித்தேன். முதலாளி எட்டிப் பார்த்து, "என்னம்மா, பெட்டிக்குள்ளேயே குடியேறிட்டியா?" என்றார்.

ராக்கெட் வேண்டாம். அது நூறு, இருநூறு மீட்டர் ஓடுகிறவர்களுக்கு. அவர்கள் குதிகால் தரையில் படுவதே இல்லை. ஏழரைச் சுற்றில் நீ களைத்த பிறகு உன் குதிகால் படும். அப்போது அங்கே கொஞ்சமாவது மெத்தை வேண்டும். தகடு முன்பாதிக்கு மட்டும் இருக்கட்டும், கையால் வளைத்தால் வளைய வேண்டும். சாயங்காலம் போய்ப் போட்டுப் பார், காலையைவிட மாலையில் கால் வீங்கியிருக்கும். மெல்லிய சாக்ஸோடு நின்றால், விரலுக்கு முன்னால் ஒரு நகத்தின் அகலம் இடம் இருக்க வேண்டும். குதிகால் வழுக்கக் கூடாது. என் பழையதைக் குப்பையில் போடு. முடியாவிட்டால் அதில் செடியாவது நடு.

இனி பி.கு.வுக்கு வருகிறேன். சும்மா கேட்கிறவள் இத்தனை சின்ன எழுத்தில் கேட்க மாட்டாள். அந்த எலும்பை மேலிருந்து கீழே ஒற்றை விரலால் அழுத்திக்கொண்டே வா. வலி ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறதா, அல்லது ஒரு விரல் நுனியால் மூடிவிடலாமா? பிறகு அந்தக் காலில் மட்டும் நின்று மூன்று தடவை குதித்துப் பார். மறைக்காமல் எழுது.

அன்புடன்,
அக்கா


மார்ச் 8

அன்பு அக்காவுக்கு,

ஒரு விரல். அழுத்தும்போது வாய்க்குள் துண்டைத் திணித்துக்கொண்டேன். குதிக்க ஒரு தடவைகூட முடியவில்லை.

யாரிடமும் சொல்லிவிடாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். இன்னும் பதினைந்து நாள்தான். பந்தயம் முடிந்துவிட்டால் விடுதிக்குப் போய் எத்தனை நாள் வேண்டுமானாலும் படுத்துக்கொள்வேன்.

நீ போன பிறகு வீடு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. சமையலறைச் சுவரில் அப்பா பென்சிலால் என் நேரங்களை எழுதிக்கொண்டே வருகிறார். லாரி எடையைக் குறிப்பது போலத்தான், நாள், நேரம், அடியில் ஒரு கோடு. எடைமேடையில் வேலை பார்க்கிறவர் வீட்டிலும் எடை போடுகிறார். போன மாதம் பதினொரு நிமிடம் இருபது விநாடி வந்தது, முந்தையதைவிட எட்டு விநாடி அதிகம். அப்பா திட்டவில்லை. அவர் எப்போது திட்டினார்? பேசுவதை நிறுத்திவிட்டார். ஏழு நாள். சாப்பிடும்போது நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவைப் பார்த்து, "அவளை அந்தத் தண்ணிச் செம்பை நகர்த்தச் சொல்லு" என்கிறார். நானே நகர்த்தினால் அதை எடுக்க மாட்டார், அம்மா சொல்லி நான் நகர்த்த வேண்டும். எட்டாம் நாள் நேரம் குறைந்தது. "சாப்டியா?" என்று கேட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அழுதேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருந்தது.

அம்மாவிடம் கால் வலி என்று பாதிதான் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லாதடி, இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காரு" என்றாள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவளிடம் நான் வேறு என்ன கேட்பது?

நீ சொன்ன மெத்தென்ற ஷூவையே கேட்டேன், அப்பா வாங்கித் தந்துவிட்டார். ஆனால் வலி குறையவில்லை. உன் கடையில் இத்தனை ஷூ இருக்கிறதே, இந்த வலி தெரியாமல் ஓடவைக்கும் ஷூ ஒன்று இருக்காதா? தேடிப் பார் அக்கா.

சில்வண்டு


மார்ச் 11

என் கண்ணே,

அப்படி ஒரு ஷூ இல்லை. இருந்தால் நான் இன்றைக்கு ஷூ விற்றுக்கொண்டிருக்க மாட்டேன்.

என் கால் எப்படி உடைந்தது என்று உனக்கு என்ன சொன்னார்கள்? முடிவுக்கோட்டைத் தாண்டும்போது பக்கத்தில் வந்தவள் தடுக்கிவிட்டாள் என்றுதானே? யாரும் தடுக்கிவிடவில்லை. ஐந்து வாரமாக எனக்கும் வலித்துக்கொண்டிருந்தது. அதே எலும்பில், அதே ஒரு விரல் அகலம். அது எலும்பில் விழும் மயிரிழை விரிசல். நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐந்தாவது சுற்றில் காய்ந்த குச்சியை மிதித்தது போல ஒரு சத்தம் கேட்டது. யாரோ எதையோ மிதித்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதன் பிறகு அப்பா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. நீ ஏழு நாள் என்று எழுதியிருக்கிறாய். எட்டு மாதம். கால் சேர்ந்துவிட்டது, நான் கிளம்பிவிட்டேன்.

விடுதி அடுத்த வருடமும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ அப்பாவிடம் சொல்லிவிடு. இல்லையென்றால் எடைமேடைக்கு நானே போன் செய்வேன்.

அக்கா


மார்ச் 16

அக்காவுக்கு,

போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார். அதோடு நான் உனக்கு எழுதுவதும் தெரிந்துபோகும். இந்தக் கடிதங்களும் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது?

அடுத்த வருடம் என்று எழுதியிருக்கிறாய். அடுத்த வருடம் வரைக்கும் இந்த வீட்டில் ஒவ்வொரு வேளையும் சாப்பிட வேண்டுமே, அது உனக்கு மறந்துவிட்டதா? கோபத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள்.

நேற்று ஓடவே முடியவில்லை. வயிற்று வலி என்று பொய் சொன்னேன். விடுதியும் கிடைக்காது, ஓடினால் கால் போகும், சொன்னால் அப்பாவின் பேச்சு போகும். மூன்று பக்கமும் அடைத்துவிட்டது. ஆனால் ஒரு சந்து கண்டுபிடித்திருக்கிறேன். கேள்.

புது ஷூ வாங்கும்போது கடைக்காரர், "ஆணி எத்தனை மில்லி போடட்டும்?" என்று கேட்டார். அடியில் திருகி மாட்டும் ஆணிகள், காலுக்கு ஐந்து. அப்பா யோசிக்கவே இல்லை. "பன்னெண்டு" என்றார். அவர் ஓடிய காலத்தில் கரித்தூள் மைதானமாம், நீள ஆணி இல்லாவிட்டால் சறுக்குமாம். பந்தயம் நடக்கப்போவது ரப்பர் தளம் போட்ட மைதானத்தில். பள்ளி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டியிருக்கிறார்கள். ஆறு மில்லிமீட்டர் நீளத்துக்கு மேல் ஆணி இருந்தால் உள்ளே விடமாட்டார்கள், வாசலில் அளந்து பார்ப்பார்கள். அப்பா அதைப் படிக்கவில்லை, நான் படித்தேன்.

நான் வாயைத் திறக்கப் போவதில்லை. வாசலில் நிறுத்துவார்கள். நான் ஓடாததற்குக் காரணம் அப்பா சொன்ன ஆணி என்று ஆகும். அவர் என்மேல் கோபப்பட முடியாது, கால் பிழைக்கும். அப்பாவைத் தலைகுனியவைக்கிறேன் என்று தெரியும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதைச் செய்யலாம் என்று ஒரு வரி எழுது. வேண்டாம் என்றால் எழுதாதே.

சில்வண்டு


மார்ச் 20

சில்வண்டு,

இது உன் கைக்கு வேளைக்கு வந்து சேர வேண்டும் என்று தபால் நிலையத்திலேயே நின்று எழுதுகிறேன்.

செய்யாதே. ஆணியை நம்பாதே. வாசலில் ஒருவர் ஆணி கழற்றும் சாவியும் ஒரு டப்பா நிறையச் சின்ன ஆணிகளும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திருப்பி அனுப்ப மாட்டார், மாற்றிக் கொடுப்பார். எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். நானும் அதையேதான் செய்தேன். போன கடிதத்தில் வெட்கப்பட்டு எழுதாமல் விட்டேன். என்னைத் திருப்பி அனுப்புவார்கள் என்று நீள ஆணியோடு போனேன். அந்த மனிதர் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றி, முதுகில் தட்டி அனுப்பினார். அதற்கு மேல் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. ஓடினேன்.

நீ வேண்டாம் என்று எழுதியும் கேட்காமல் இரண்டு தடவை போன் செய்தேன். "ஹலோ" என்றார். "அப்பா" என்றேன். வைத்துவிட்டார். இரண்டு தடவையும்.

வாயால் சொல். ஒரே ஒரு வார்த்தை போதும்.

அக்கா


மார்ச் 26

என் அன்பு அக்காவுக்கு,

இதைப் பகலில் எழுதுகிறேன், கட்டிலில், காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு. முழங்கால் வரை மாவுக்கட்டு. உன் கடைசிக் கடிதம் நேற்றுத்தான் வந்தது, பந்தயம் முடிந்து இரண்டு நாள் கழித்து.

நீ எழுதியபடியேதான் நடந்தது. வாசலில் ஒரு அம்மா முக்காலியில் உட்கார்ந்து, துளை போட்ட சின்னத் தகட்டில் ஆணியை நுழைத்து அளந்துகொண்டிருந்தார். என்னுடையதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இதை மாட்டினது? இதை வச்சு வயலே உழலாம்" என்றார். எனக்கு நெஞ்சில் ஒரு நிம்மதி. "அப்ப நான் போகட்டுமா?" என்றேன். "எங்க போற? உக்காரு கண்ணு, அஞ்சு நிமிஷ வேலை" என்று சாவியை எடுத்தார். ஒவ்வொன்றாகக் கழற்றினார். ஒன்பது வந்துவிட்டது. பத்தாவது சுற்றவில்லை. அக்கா, அந்த ஆணியை நான் கும்பிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் அப்பா ஸ்டாப்வாட்ச்சோடு நின்றுகொண்டிருந்தார். "இடுக்கி கேட்டுப் பாரும்மா" என்று குரல் கொடுத்தார். அந்த அம்மா பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். அதுவும் வந்துவிட்டது.

"போ கண்ணு, கூப்பிடுறாங்க" என்றார். என் எண்ணைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்து கோட்டுப் பக்கம் போகாமல் வேலிப் பக்கம் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. "அப்பா, வலிக்குது" என்றேன்.

"எங்க?" என்றார்.

விரலை வைத்துக் காட்டினேன். வேலிக்குள் கையை விட்டு, அவரும் அதே இடத்தில் ஒரு விரலை வைத்தார். நான் கத்திவிட்டேன். மறுபடி என் எண்ணைக் கூப்பிட்டார்கள். பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டது. பழக்கத்தில் அவர் கட்டைவிரல் வாட்சை அழுத்திவிட்டது. பெண்கள் எல்லாரும் எங்களைத் தாண்டி ஓடினார்கள். நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த விடுதி அந்த முதல் சுற்றிலேயே என்னை விட்டுப் போய்விட்டது.

அவர் திட்டவில்லை, பேசவும் இல்லை. ஆட்டோவில் ஏற்றினார். எக்ஸ்ரே வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அவர் சட்டைப்பையில் டிக் டிக் என்று கேட்டது. எடுத்துப் பார்த்தார். வாட்ச் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு மணி நாற்பத்தொரு நிமிடம். அதை நிறுத்தாமலே திரும்பவும் பையில் போட்டார். டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் ரெண்டு சுத்து ஓடியிருந்தா முழுசா உடைஞ்சிருக்கும்" என்றார். அப்பா ரொம்ப நேரம் அந்தப் படத்தையே பார்த்தார். வெளியே வந்த பிறகுதான் கேட்டார். "அவளுக்கும் இதே இடமா?"

இரண்டு வருடம் கழித்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை. "ஆமாம்பா. அவளுக்கும் முன்னாடியே வலிச்சுது" என்றேன். அதற்குப் பிறகு இந்த மூன்று நாளில் ஒரே ஒரு தடவைதான் பேசினார், அதைக் கீழே சொல்கிறேன். இது பழைய மௌனமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. சுவரில் இருபத்துமூன்றாம் தேதிக்கு எதுவும் எழுதவில்லை.

நான் பள்ளிக்கு வரவில்லை என்று ஜெராக்ஸ் கடைக்காரம்மா நேற்று உன் கடிதத்தை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார், பாவம். கதவைத் திறந்தவர் அப்பா. உன் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், அங்கே அனுப்பியவர் விலாசம் இல்லை. பிரிக்காமல் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் படித்து முடிக்கும்வரை வாசற்படியிலேயே நின்றார்.

"அதுக்குத்தான் போன் பண்ணாளா?" என்றார்.

தலையை ஆட்டினேன். சமையலறைக்குப் போய், சுவரில் எழுதும் அந்தப் பென்சிலையும் ஒரு வெள்ளைத் தாளையும் எடுத்துவந்து என் தலைமாட்டில் வைத்துவிட்டு, எடைமேடைக்குக் கிளம்பிவிட்டார். எதற்கு என்று சொல்லவில்லை. இரவு வந்ததும் தாளைப் பார்த்தார். வெறுமையாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டார். இன்று காலையும் பார்த்தார்.

உன்னைக் கேட்காமல் நான் எழுத மாட்டேன். அந்த எட்டு மாதம் உன்னுடையது, எனக்கு அதில் உரிமை இல்லை. பென்சில் இங்கேயே இருக்கிறது, நன்றாகச் சீவி வைத்திருக்கிறார். உன் விலாசத்தை எழுதட்டுமா அக்கா?

உன்,
சில்வண்டு