கல்மேட்டு ஆவாரம்பூ

என் தலைக்கு எண்ணெய் வச்சுப் பின்னிவிட்ட என் அக்காவுக்கு,

அன்னைக்கு உன் அறையில இருந்தவங்க யார் யாருன்னு முதல்ல சொல்லிடுறேன். நான் மறந்துட்டேன்னு யாரும் நினைக்க வேண்டாம். உன் மகன் வசந்தன், கட்டில் தலைமாட்டுல. மருமகள் மாலினி, தேத்தண்ணிக் கோப்பையோட. பக்கத்து வீட்டுக் குசுமா நோனா, கதவுல சாஞ்சுக்கிட்டு. நம்ம தம்பி ராசு, கதிரையில உக்காந்துக்கிட்டு. மஹய்யாவையில இருந்து பஸ் ஏறி வந்த நான், கையில நனைஞ்ச குடையோட.

அம்பிட்டிய சரிவுல, வெயில் விழுற பக்கமாப் பார்த்து, கல்லையும் உடைஞ்ச ஓட்டுத் துண்டையும் மேடாக் குவிச்சு அதுல ஆவாரை வச்சவ நீ. மழை ஊர்ல இந்தச் செடி எங்க நிக்கப் போகுதுன்னு எல்லாரும் சிரிச்சாங்க. "இது காஞ்சு சாகுற செடி இல்ல, நனைஞ்சு சாகுற செடி"ன்னு நீ சொல்லுவ. சட்டி கழுவின தண்ணியை அந்தப் பக்கம் ஊத்தினதுக்கு உன்கிட்ட வாங்கின ஏச்சை மாலினி இன்னும் சொல்லிக் காட்டுறா. பனி காஞ்ச பிறகுதான் பூ பறிப்ப. நிழல்லதான் உலர்த்தித் தேத்தண்ணி ஊத்துவ. ஊரெல்லாம் ரணவரான்னு ஆவாரம்பூ பக்கெட்ல கிடைச்சாலும் குசுமா நோனா உன் அடுப்படிக்குத்தானே வருவா?

நீ படுக்கையில விழுந்த பிறகு, வாசல் வரைக்கும் த்ரீவீலர் வரணும்னு வசந்தன் அந்த மேட்டை வெட்டினான். உன்னைத் தூக்கிக்கிட்டு அந்தப் படியெல்லாம் இறங்க அவனால முடியல. அது எனக்குப் புரியுது. நீ பின்னறையில கிடந்த. என்ன சத்தம்னு கேட்டதுக்கு, பாதை சரி பண்றோம்னு சொன்னாங்க. செடி போனதை யாரும் சொல்லல. டவுன்ல கடைப் பூ பக்கெட் ஒண்ணு வாங்கி ஊத்திக் குடுத்துடலாம்னு யோசனை சொன்னது ராசு. இதைப் பிறகு மாலினிதான் எனக்குச் சொன்னா.

அன்னைக்கு மாலினி நீட்டின கோப்பையில நீ ஒரு வாய் குடிச்ச. கோப்பையைக் கீழ வச்ச.

"இது நம்ம பூ இல்லையே."

நீ ராசுவைப் பார்த்த. நம்ம வீட்டுல ருசி தெரிஞ்ச நாக்கு அவனோடதுன்னு சின்ன வயசுல இருந்து நீதானே அவனை ஏத்திவிட்ட. "தம்பி, நீ குடிச்சுச் சொல்லு"ன்ன.

குடிச்சான். நிதானமாக் குடிச்சான். "நம்ம மேட்டுப் பூதான் பெரியக்கா."

"செடியை வெட்டிட்டாங்க அக்கா, வாசல்ல கிளை கிடக்குது"ன்னு நான் சொன்னேன். அவன் சிரிச்சான். "என்னைப் பொய்யனாக்கலன்னா சின்னக்காவுக்குச் சோறு இறங்காது."

நீயும் அவன் பக்கம்தான் பேசின. "சும்மா இரு பாக்கியம், உனக்கு எப்பவும் அவனோட வம்பு." அப்புறம் மெதுவா, "அப்ப என் நாக்குதான் செத்துப் போச்சு"ன்னு சொல்லிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்த.

அதுக்குப் பிறகு சோறும் மண்ணுன்ன, தண்ணியும் மண்ணுன்ன. உன்னைக் கொண்டுபோனது நோயுன்னு டாக்டர் சொன்னார். நானும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். ஆனா அக்கா, தன் நாக்கையே நம்பாதவ எதைச் சாப்பிடுவா?

அன்னைக்குத் திரும்பும்போது, வெட்டிப் போட்ட கிளையில இருந்த காஞ்ச காயைக் குடைக்குள்ள உதிர்த்துக்கிட்டு வந்தேன். விதையைக் கல்லுல தேய்ச்சு, சுடுதண்ணியில ஊறவச்சு, நீ செஞ்ச மாதிரியே போட்டேன். மஹய்யாவையில எனக்கு ஏது மேடு? ஓட்டை விழுந்த பேசின்ல கல்லும் மணலும் நிரப்பிச் சுவரோரமா வச்சேன். மழைக்கு உரப்பையை விரிச்சு மூடுவேன். இந்த வருஷம் பூத்திருக்கு.

உன் திவசத்துக்கு முதல் நாள் வசந்தன் வந்தான். செடியைப் பார்த்துட்டு வாசல்லயே உக்காந்து அழுதான். உன் படத்துக்கு வைக்க ஒரு கை பூ குடுத்தேன். வெட்டினவனை விட்டுட்டேன் அக்கா.

அப்புறம் ராசு வந்தான். "பெரியக்கா மாதிரி எனக்கும் சீனி வருத்தமாம் சின்னக்கா, இரத்தத்துல சீனி கூடிப்போச்சாம். கொஞ்சம் ஆவாரம்பூ ஊத்தித் தா." கடைப் பக்கெட் ஒண்ணு அலுமாரியில வச்சிருந்தேன். இவன் வருவான்னுதான் வச்சிருந்தேன்.

ஒரு மொடக்குத்தான் குடிச்சான். முகத்தைச் சுளிச்சான். "என்ன சின்னக்கா, வாசல்ல பூத்துக் குலுங்குது, எனக்கு மட்டும் கடைப் பூவா?"

"எப்படித் தெரியும்?"

"இது தெரியாதா? சாக்கு வாடை அடிக்குதே."

சொல்லி முடிச்ச பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். கோப்பையைச் சத்தமில்லாம வச்சுட்டு எழும்பிப் போனான்.

கேட்டியா அக்கா? உன் நாக்கு சாகல. நீ கண்ணை மூடுற வரைக்கும் அது உசிரோடதான் இருந்துச்சு. இதைச் சொல்லத்தான் எழுத்துக்கூட்டி இவ்வளவும் எழுதினேன்.

என் கையில பலம் இருக்கிற மட்டும் இந்தச் செடியை நனைய விடமாட்டேன். இதுல பூக்கிற பூ வசந்தனுக்கு உண்டு, மாலினிக்கு உண்டு, குசுமா நோனாவுக்கும் உண்டு. மன்னிப்பும் அப்படித்தான். ஒருத்தனுக்கு மட்டும் ரெண்டும் இல்ல.

ராசுவுக்கும் அக்காவாப் பிறந்து தொலைச்ச உன் தங்கச்சி,
பாக்கியம்