கிதாரின் மேல் அம்மிக் குழவி

ஆவணி 12, செவ்வாய்

விடியும்போதே மழை. தொழிலறைச் சுவரெல்லாம் வேர்த்திருக்கிறது. பலகைகளைக் கட்டில்மேல் ஏற்றினேன்.

செய்ய வேண்டியவை: டீச்சரம்மாவின் கிதார், முறுக்காணிக்கு எண்ணெய். பாதிரியாருடையது, முதுகில் விரிசல். கோமுவுக்கு இஞ்சி.

பசைச் சட்டியைக் கரிக்குவியலுக்குள் புதைத்தாயிற்று. நாளை மாமனார் வருகிறார், கோமுவைப் பிரசவத்துக்குத் திருநெல்வேலி அழைத்துப் போக. பூண்டைக்கூட ஒதுக்கி வைக்கிற மனிதர். மாட்டுத்தோலைக் காய்ச்சிய பசை என்று தெரிந்தால்? மூத்த மகளையும் இப்படித்தான் பிரசவத்துக்குக் கூட்டிப் போனார். மாப்பிள்ளை கறி தின்கிறார் என்று யாரோ சொல்ல, அவள் இன்றுவரை அப்பா வீட்டில். குழந்தை நடக்கிறதாம். தகப்பன் முகம் தெரியாது.

என் பயத்தைக் கோமுவிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

ஆவணி 13, புதன்

மழை விடவில்லை. மாமா வந்தாயிற்று. குளியல், திருநீறு, இட்லி. தொழிலறையை எட்டிப் பார்த்தார். “கம்பெனி கிளார்க்குன்னுல்லா பொண்ணு குடுத்தேன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்புதானா?

அவர் உட்கார்ந்திருக்கும்போதே பெர்னாந்து வந்து நின்றார். கோவாக்காரர், கப்பலில் வாசிக்கிறவர். கிடர்பூர் துறைமுகத்திலிருந்து நனைந்துகொண்டே வந்திருக்கிறார். கிதாரில் நரம்புகளைக் கட்டும் மரக் குதிரை அடியோடு பெயர்ந்து தொங்குகிறது. இந்துஸ்தானியில் ஒரே புலம்பல்: “பாபு, சனிக்கிழமை கப்பல் கிளம்புது. இது பாடலேன்னா என்னை ஏத்த மாட்டான். வேற ஆள் வாசல்லயே நிக்கிறான்.”

சட்டியை எடுக்கக் கை போகவில்லை. புளியங்கொட்டைப் பசை கிளறி ஒட்டினேன். பொம்மைக்கும் காகிதத்துக்கும் சரி. நரம்பு இழுக்கிற இழுப்புக்கு, இந்த ஈரத்தில்? தாங்காது என்று தெரிந்தேதான் செய்தேன். சீ.

ஆவணி 14, வியாழன்

சாயங்காலம் பெர்னாந்து வந்து சுருதி கூட்டினார். மாமா நாற்காலியில். மூன்றாவது நரம்பு ஏறும்போதே டப்பென்று குதிரை கையோடு வந்துவிட்டது.

பெ. திட்டவில்லை. முக்காலியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். திட்டியிருக்கலாம்.

“ஒட்டத் தெரியாதா மாப்பிள்ளை?” என்றார் மாமா.

தெரியும். அதுதான் கொடுமை. நாளைக் காலை வரச் சொல்லி பெ.யை அனுப்பப் பார்த்தேன். “ராத்திரி முழுக்க அழுத்தி வெச்சாத்தான் பிடிக்கும்னு நீங்கதானே சொன்னீங்க பாபு?” ஆமாம், நான்தான்.

கரியைத் தோண்டினேன். காய்ச்சினேன். வாடை கூடம், சமையலறை, பூசை அலமாரி எல்லாம் போயாயிற்று.

“என்ன வாடை அடிக்கு?”

வார்னிஷ் என்று சொல்லத் தயாராக வைத்திருந்தேன். வாயில் வரவில்லை. “தோல் பசை மாமா. மாட்டுத்தோல்.”

துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கிதாருக்குள்ளே முட்டுக் கொடுத்து, குதிரையை வைத்து, இறுக்கியைத் திருகினால் மரை கழன்று சுற்றுகிறது. பசை ஆறினால் தீர்ந்தது. “பாரம்! ஏதாவது பாரம்!” என்று கத்துகிறேன். ஏழு மாத வயிற்றோடு கோமு அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

“ஏட்டி, அது அரைக்க குழவில்லா!”

“தெரியும்ப்பா. நம்ம கோயில்ல கொட்டுக மேளத்துல இழுத்துக் கட்டிருக்கது என்ன, வாழையிலையா?”

துணியைச் சுற்றிக் குழவியை வைத்தேன். மாமா வாசலுக்குப் போய்விட்டார். ராத்திரி அவருக்குப் பழம் மட்டும்.

ஆவணி 15, வெள்ளி

குழவியை எடுக்கவில்லை. இந்த மழையில் இன்று முழுக்க இருக்கட்டும். பெ. வந்து பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போனார்.

மாமா முற்றத்தில் தனி அடுப்பு மூட்டித் தானே பொங்கிக்கொண்டார். மத்தியானம் கோமுவிடம் சொன்னது காதில் விழுந்தது: “ரெண்டு சேலை எப்படிக் காணும்? எல்லாத்தையும் எடுத்து வை.”

எல்லாத்தையும்.

பாதிரியாரின் கிதாரை எடுத்தேன். கவனமில்லாமல் விரிசலை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினேன். கீழே வைத்துவிட்டேன்.

ஆவணி 16, சனி

குதிரை நின்றது! ஒவ்வொரு நரம்பாக ஏற்றினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு. அசையவில்லை. பெ. நின்றபடியே ஒரு பாட்டு வாசித்தார், என் கன்னத்தில் முத்தம் கொடுத்தார், டிராமுக்கு ஓடினார். மாமா ஜன்னலைச் சாத்தினார்.

சந்தோஷப்படத் தெம்பில்லை. கோமுவின் பெட்டியை மூட முடியவில்லை, மேலே உட்கார்ந்து மூடினேன். வெள்ளிக் கிண்ணம்கூட உள்ளே. “திரும்பி வருவியாட்டி?” என்று கேட்டேன். “இதென்ன கேள்வி?” என்றாள். ஆனால் சிரிக்கவில்லை.

ஆவணி 17, ஞாயிறு

ஹௌரா ஸ்டேஷனில் கூட்டம். கோமுவுக்கு ஜன்னலோர இடம். அழக்கூடாது என்றிருந்தேன். அழுதேன். மாமா பார்த்துவிட்டார்.

மணி அடித்தபிறகு விரலசைத்துக் கூப்பிட்டார். அந்த வீட்டுக்கு இனி இவளை அனுப்ப மாட்டேன் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

“மாப்பிள்ளை, அந்தக் குழவி இனி அடுப்படிக்கு ஆகாது. புதுசா ஒண்ணு வாங்கிப் போடுங்க.”

“சரி மாமா.”

“மறந்துராதீங்க. பிள்ளையத் தூக்கிட்டு வந்து, எதுல அரைப்பா?”

வண்டி நகர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் எதிர்வீட்டு வங்காளி அக்காவிடம் குழவிக் கல் எங்கே கிடைக்கும் என்று விசாரித்தேன். இந்த ஊர்க் குழவி ரொம்பச் சின்னது. பெரியதாகப் பார்க்க வேண்டும்.