நாணல் பக்கம் திரும்பிய கைகாட்டி

நாடஷ் கிராமம், லேவா அருகில்
செக்கோஸ்லோவாகியா
1968 ஜூலை 28

அடி பிரோஷ்கா, என் உயிரே,

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் "இருக்கிறேன்" என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவாய். உன் கடிதத்தைச் சரக்கு ரயில் கார்டு வில்மோஷ் அண்ணன் கொண்டுவந்து கொடுத்தார். உன் தம்பி தெஷோ ஐம்பத்தாறில் புடாபெஸ்டுக்குப் போய்த் திரும்பாததிலிருந்து, உப்புப் பெறாத சமாச்சாரத்தைக்கூட நீ தபாலில் போடுவதில்லை. இங்கே காலம் மாறிவிட்டதடி! பத்திரிகைகள் மந்திரிகளை வெளுத்து வாங்குகின்றன. கூட்டுப்பண்ணைக் கூட்டத்தில் என் வீட்டுக்காரர் காஷ்பார் எழுந்து, "தலைவரே, டிராக்டர் ஓடலைன்னா மெக்கானிக்கைக் கேக்கணுமா, மாஸ்கோவைக் கேக்கணுமா?" என்று கேட்டுவிட்டார். தலைவரே சிரித்துவிட்டார். போன வருஷம் இப்படிக் கேட்டிருந்தால் மனுஷர் வீடு வந்து சேர்ந்திருக்க மாட்டார்.

பிளம் மரம் ஒடிந்துவிடும்போலக் காய்த்திருக்கிறது. உன் மகன், என் ஞானப்பிள்ளை பாலிந்த் இல்லாமல் ஜாம் எப்படிக் கிண்டுவேன்? சின்னப் பையனாக இருந்தபோதே வில்மோஷ் அண்ணனின் கார்டு பெட்டியில் பதுங்கி, ஒரு காகிதமும் இல்லாமல் எல்லை தாண்டி, ஒவ்வொரு கோடையும் என் கொப்பரைப் பக்கத்தில் வந்து நின்றவன். கிண்டுவது பாதி, திருடித் தின்பது பாதி. பாலிந்துக்குப் பட்டாளத்தில் லீவு தரமாட்டார்களா? நான் பெறாத பிள்ளையடி அவன்.

உன்
எதெல்கா

வாத்ஸ், ஹங்கேரி
1968 ஆகஸ்ட் 11

என் எதெல்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கதவைத் தாழிட்டு இன்னொரு முறை படித்தேன். அப்போது சிரிப்பு வரவில்லை. ஐம்பத்தாறில் எங்களுக்கும் இப்படித்தான் இருந்தது. தெஷோவும் கூட்டத்தில் எழுந்து பேசினான், எல்லோரும் கைதட்டினார்கள். நவம்பரில் ரஷ்ய டாங்கிகள் வந்தன. கைதட்டியவர்களில் ஒருவர்கூட அவன் சவத்தைத் தேட என்னோடு வரவில்லை.

பாலிந்தை முகாம் வாசலில் பார்த்தேன். எல்லோருக்கும் லீவு ரத்து. "வெறும் பயிற்சிம்மா" என்கிறான். பயிற்சிக்கு யாராவது, சண்டையில் தன் வண்டி எது என்று தெரிய, லாரி மேல் வெள்ளைக் கோடு அடிப்பார்களா? அதிகாரி எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, "எல்லைக்கு அந்தப் பக்கத்து ரோடு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டாராம்.

"நீ என்னடா சொன்னே?"

"வாயே தொறக்கலம்மா."

"சாகற வரைக்கும் தொறக்காதே" என்றேன்.

அதிகாரிக்குப் பின்னால் ஒரு ரஷ்யக் கர்னல் எப்போதும் நிற்கிறாராம். அவர் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதிகாரிதான் அடிக்கடி திரும்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொள்கிறாராம். நன்றாக ஓட்டுகிறான் என்று முன்னால் போகும் லாரியைப் பாலிந்திடம் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காஷ்பாரைக் கொஞ்ச நாள் வாயைக் கட்டச் சொல். ஜாமை இந்த வருஷம் சீக்கிரமே கிண்டிவிடு.

பிரோஷ்கா

நாடஷ்
1968 ஆகஸ்ட் 29

பிரோஷ்கா,

வந்துவிட்டார்கள். நீ சொன்னபோது சிரித்தேனே, என் வாயில் மண்ணைப் போட!

விடிகிற நேரத்தில் வானொலி அலறியது. ரஷ்யாவும் உங்கள் ஹங்கேரியும் சேர்ந்து ஐந்து நாட்டுப் படைகள் எல்லை தாண்டிவிட்டன, கைகாட்டிகளைப் பிடுங்குங்கள், ஊர்ப் பெயர்களை அழியுங்கள் என்றது. எங்கள் ஊர் மொத்தமும் கடப்பாரையும் சுண்ணாம்புமாக இறங்கியது. முச்சந்தியில் லேவாவுக்கு வழி காட்டும் கைகாட்டியைப் பிடுங்க நேரமில்லை. காஷ்பார் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி நாணல் சதுப்புப் பக்கம் திருப்பிவைத்தேன்.

இறங்கி மூச்சு வாங்குவதற்குள் முதல் லாரி வந்து நின்றது. ஓட்டி வந்தவன் நம் பாலிந்த்.

பக்கத்தில் இருந்த அதிகாரி தலையை நீட்டி, "அம்மா, லேவாவுக்கு எந்தப் பக்கம்?" என்றார். நம் ஹங்கேரிய மொழியில் கேட்டாரடி! ரஷ்ய மொழியில் கேட்டிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது.

"கண்ணு இருக்குல்ல? கைகாட்டியைப் பாரு" என்றேன்.

பாலிந்த் என்னைப் பார்த்தான். கைகாட்டியைப் பார்த்தான். அந்தச் சதுப்பில் தவளை பிடித்து வளர்ந்த பயல். அவன் முகத்தில் ஒரு அசைவு இல்லை.

"என்னடா, திருப்பட்டுமான்னு யோசிக்கிறே?" என்றார் அதிகாரி.

"கைகாட்டி அப்படித்தானே சொல்லுது, சார்" என்று லாரியை நாணல் பக்கம் ஒடித்தான். அவன் பின்னாலேயே அத்தனை லாரிகளும் போயின.

அச்சு வரை சேற்றில் புதைந்துவிட்டன. மறுநாள்தான் லேவாவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அதற்குள் அங்கே ஒளிந்திருந்து படைகளுக்கு எதிராக ஒலிபரப்பிய வானொலிக்காரர்கள் பேச வேண்டியதையெல்லாம் பேசிவிட்டு மறைந்துவிட்டார்கள். இப்போது படைக்காரர்கள் வீடு வீடாக வந்து, கைகாட்டியைத் திருப்பியது யார் என்று கேட்கிறார்கள். ஊரே ஒரே பேச்சு: "காத்து திருப்பிடுச்சு."

"இரும்புக் கம்பத்தையா?" என்றான் ஒரு சிப்பாய்.

"எங்க ஊர்க் காத்து அப்படி" என்றார் காஷ்பார். நீ சொன்னபடி வாயைக் கட்டத்தான் பார்க்கிறேன், முடியவில்லை.

பிள்ளை எங்கே இருக்கிறான்? எழுது. எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

எதெல்கா

வாத்ஸ்
1968 செப்டம்பர் 12

எதெல்கா, என் கண்ணே,

பிள்ளையை ராணுவச் சிறையில் வைத்திருக்கிறார்கள்.

அவனுக்கு நாடஷில் ஞானத்தாய் இருக்கிறாள் என்று கூடப்படித்த பயல் ஒருவன் சொல்லிவிட்டான். "வழி தெரிஞ்சே சேத்துல இறக்கினியா?" என்று கேட்கிறார்கள். "அந்த ஊரை நான் பாத்ததே இல்லை" என்று பாலிந்த் ஒரே பிடியாக நிற்கிறான். தெரிந்தே செய்ததென்று ஆகிவிட்டால் அது துரோகம். என்ன தண்டனை என்று கேட்டேன். வக்கீல் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

ரஷ்யாக்காரன் கெட்டிக்காரன். போன தடவை அவனே வந்தான், நாங்கள் அவனைச் சபித்தோம். இந்தத் தடவை என் பிள்ளையை உன் வீட்டு வாசலுக்கு ஓட்டிவிட்டான். இனி யார் யாரைச் சபிப்பது?

நீ ஒன்று செய்ய வேண்டும். எனக்கு வரும் தபாலையெல்லாம் இப்போது பிரித்துப் படிக்கிறார்கள். நாம் சிலுவை மேல் கைவைத்துச் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள். தாங்களே திருட்டுத்தனமாகப் படித்தது என்றால் வேதவாக்காக நம்புவார்கள். அதனால் தபாலில் ஒரு கடிதம் போடு. என்னை வாய்க்கு வந்தபடி திட்டு. ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிள்ளையைக் கண்ணால் பார்த்ததில்லை என்று எழுது. கெஞ்சாதே, அழாதே. ஒரு சொட்டுப் பாசம் தெரிந்தாலும் அவன் கதை முடிந்தது.

அதற்குப் பிறகு நாம் எழுதிக்கொள்ள முடியாது. வில்மோஷ் அண்ணனையும் வேறு பாதைக்கு மாற்றிவிட்டார்கள். உன் பக்கம் அவருக்கு இதுதான் கடைசி நடை. எத்தனை வருஷச் சிநேகிதமடி! என்னை மன்னித்துவிடு.

உன் பிரோஷ்கா

(தபாலில்)

நாடஷ்
1968 செப்டம்பர் 17

திருமதி பிரோஷ்கா அவர்களுக்கு,

இது நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். பதில் போட வேண்டாம்.

எங்கள் நாட்டுக்குள் புகுந்த படையில் உங்கள் மகனும் வந்தானாம், கேள்விப்பட்டேன். எந்த லாரியில் வந்தான், எனக்கென்ன தெரியும்? ஞானஸ்நானத்தன்று துணியில் சுற்றி என் கையில் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு ஒரு கோடைக்காவது இங்கே அனுப்பியதுண்டா? என் எதிரே வந்து நின்றாலும் எனக்கு அவனை அடையாளம் தெரியாது. சொந்தத் தம்பியை டாங்கிக்குப் பறிகொடுத்த நீங்கள், பெற்ற பிள்ளையை அதே வேலைக்கு அனுப்பிவைத்தீர்கள். உங்களுக்கு வெட்கமாக இல்லையா?

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் முச்சந்திக் கைகாட்டியைத் திருப்பியது நான். நான் மட்டும்தான். என் கணவர் அன்று காய்ச்சலில் படுத்திருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. இந்த ஊரில் ஒரே ஒரு தடவை கால் வைத்தவன்கூட அந்தச் சதுப்பில் வண்டியை இறக்கமாட்டான். ஊர் பேர் தெரியாத அந்நியன்தான் விழுவான் என்று தெரிந்தே திருப்பினேன். விழுந்தார்கள். யார் வந்து கேட்டாலும் இதையேதான் சொல்லப்போகிறேன். வீட்டில்தான் இருக்கிறேன்.

இந்த வருஷப் பிளம் எல்லாம் மரத்தடியில் அழுகுகிறது. ஜாம் போடவில்லை. கொப்பரைப் பக்கத்தில் நின்று கிண்டித் தர இந்த வீட்டில் பிள்ளை யாரும் கிடையாது. என்றைக்கும் இருந்ததில்லை.

எதெல்கா வர்கா