மூடியில் ஒட்டிய பெயர்

இன்று காலை புட்டுக்கு மாக் குழைக்கையில் விரலில் போமலின் மணந்தது. மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. வெட்டியெடுத்த சதையை அழுகாமல் காக்கும் அந்த மருந்தோடு இத்தனை வருடம் புழங்கியும், அது மணந்தால் ஏதோ வரப்போகிறது என்று உடம்பு பயப்படுகிறது. வந்து போய்விட்டது என்று அதற்கு யார் சொல்லுவது? உன்னோடு கதைக்க வேண்டும் போலிருந்தது.

தொண்ணூறுகளின் கடைசி, சண்டைக் காலம். இடம்பெயர்ந்த ஆஸ்பத்திரி, பாடசாலை அறையொன்றில் நம் ஆய்வுகூடம். இரண்டு மேசை, ஒரு நுணுக்குக்காட்டி. நீ பொறுப்பாளர், நான் உனக்குக் கீழே. இரத்தம், சலம் எல்லாம் நாமே பார்ப்போம். புற்றுநோயா என்று பார்க்க வேண்டிய சதைத் துண்டு மட்டும் பெட்டியில் வவுனியா போய், அங்கிருந்து கொழும்புக்குப் போகும். பாதை திறந்திருந்தால் முடிவு வரும். இராணுவம் பூட்டினால் நோய்தான் முந்தும்.

போத்தல்கள் எல்லாம் கழுவியெடுத்த ஜாம் போத்தல்கள், ஒரே அளவு. பக்கத்தில் பெயர் எழுதினால் கசியும் மருந்து மையை அழித்துவிடும். பிளாஸ்டர் துண்டில் பெயரெழுதி மூடியில் ஒட்டும் கெட்டித்தனம் என்னுடையது. "உன்ர மூளைக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தவேணுமடி," என்று பகிடி பண்ணினாய். முல்லைத்தீவுக் கரைக்காரி நீ, எதற்கும் மாதா கோயில் மெழுகுதிரிதான்.

அந்தத் தடவை பெட்டியில் போன போத்தல்களில் இரண்டு, மார்புக் கட்டிகள். ஒன்று பரந்தனிலிருந்து இடம்பெயர்ந்த கைக்குழந்தைக்காரி ஒருத்தியுடையது. மற்றது உன்னுடையது. இரண்டு மூடியிலும் பெயர் ஒட்டியது நான். பெட்டி கொண்டுபோன சாரதி அண்ணை திரும்பி வந்து சிரித்தார். "சாவடியில எல்லாத்தையும் திறந்து மணந்து பாத்தவங்கள் தங்கச்சி. மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாங்கள்!" நாமும் வயிறு நோகச் சிரித்தோம். திறந்த மூடிகளை எப்படித் திரும்பப் போட்டார்கள் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

முடிவுகள் வந்தன. உன் தாளின் கடைசி வரி, புற்றுநோய் இல்லை என்றது. அந்தத் தாய்க்கு இருக்கிறது என்று வந்திருந்தது. உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேன். நீ தேத்தண்ணி போட்டாய், சீனி கூட. சில நாள் கழித்து, "முந்தியைவிடக் கல்லு மாதிரித் தட்டுப்படுதடி," என்றாய். "சும்மா கிட. தாள் பொய் சொல்லுமே?" என்று அதட்டினேன். ஐயோ, அதட்டினேனே.

மூன்று கிழமை கழித்து, மார்பை எடுக்கவென்று அந்தத் தாயை வார்ட்டில் சேர்த்தார்கள். அடுத்த நாள் காலை சத்திரசிகிச்சை. அவளுக்கு இரத்தம் எடுக்கப் போன நீ விறுவிறுவென்று திரும்பி வந்தாய். குழந்தை அழுததும் அவளுடைய சட்டை பாலில் நனைந்ததைக் கண்டிருக்கிறாய். அலுமாரியைத் திறந்து உன் தாளை எடுத்து, முதல் வரியிலிருந்து விரல் வைத்து வாசித்தாய்.

"எடி, இதில பால் சுரக்கிற சதை எண்டு கிடக்கு. கலியாணமே கட்டாத எனக்கு எங்கால பால்?"

சாவடியில் இரண்டு மூடியும் மாறிப்போனது அப்போதுதான் விளங்கியது. "நாளைக்குச் சொல்லுவம்," என்றேன். அப்போது நான் நினைத்தது உன்னையுமல்ல, அவளையுமல்ல. என் வேலை போய்விடுமே என்றுதான் நினைத்தேன்.

"நாளைக்கு அவளின்ர மார்பு இராதடி," என்று நடந்துவிட்டாய். நானும் பின்னால் வந்தேன்.

டொக்டர் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. "ஆர் பேர் ஒட்டினது?" என்று கேட்டார்.

"நாங்கள்தான் டொக்டர். மூடியில ஒட்டினது பிழை. அந்தப் பிள்ளையை வெட்டாதேங்கோ," என்றாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

சத்திரசிகிச்சை நின்றது. உன் சதையை மறுபடி எடுத்தார்கள். அந்தக் கிழமையே பாதையைப் பூட்டிவிட்டார்கள். முடிவும் வரவில்லை, சிகிச்சைக்கு நீ கொழும்பு போகவும் வழியில்லை. வீணாய்ப்போன மூன்று கிழமையும் பாதை திறந்துதான் கிடந்தது.

காத்திருந்த மாதங்களில், சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளில் சதை எடுத்துப் பொதி செய்கிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, கதிரையில் சாய்ந்தபடி பழக்கினாய். பெயரைப் பென்சிலால் கடதாசித் துண்டில் எழுதிப் போத்தலுக்குள்ளேயே போட வேண்டும், பென்சில் கரையாது. பொதி செய்கிறவர் ஒருவர், சரிபார்க்கிறவர் இன்னொருவர். "கடைசி வரிக்கு ஓடாதேங்கோ, முழுக்க வாசியுங்கோ," என்று அலுக்காமல் சொன்னாய். ஒவ்வொரு வகுப்புக்கும் உன் குரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. தண்ணீரூற்றிலிருந்து வந்த தாதி ஒருத்தி, "மூடியில ஒட்டினா என்ன அக்கா நடக்கும்?" என்று கேட்டாள். நீ என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "ஆள் மாறிப்போகும் பிள்ளை," என்று மட்டும் சொன்னாய்.

பாதை திறந்து உன் முடிவு வந்தபோது அதை வாங்க நீ இல்லை. நான் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தேன்.

இப்போது வகுப்பு எடுப்பது நான். இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். போன கிழமை ஒரு பிள்ளை எழும்பி, "ஆர் மிஸ் அதை ஒட்டினது?" என்று கேட்டாள். "அப்ப அங்க வேலை செய்த நாங்கள்தான்," என்றேன். அவள் தலையாட்டி இருந்துவிட்டாள். டொக்டர் கேட்டபோது உன் முதுகுக்குப் பின்னால் நின்றவள், இன்னும் அங்கேயேதான் நிற்கிறேன். ஒட்டியது நான். நான் மட்டும்.