நல்ல மாட்டை அடிக்காதீங்க, மாமா

காலையில் ஐயம்பேட்டைக்கு மேலே ஒரு விமானம் தாழப் பறந்தது. அந்தச் சத்தத்தில் உன் ஞாபகம் வந்துவிட்டது, தம்பி. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல உன் மகள் எழுதுகிறாள், நடுவில் சிரிக்கிறாள்.

அறுபதுகளில் ஒரு தை மாதம். டகோட்டா விமானம் ஓட்டிக்கொண்டிருந்த நீ லீவில் வந்திருந்தாய். திருப்பருத்திக்குன்றத்தில் பெண் பார்க்கப் போனோம். பஜ்ஜியில் உப்பு கம்மி. அது வேறு கதை. பெண்ணுக்கு உன்னைப் பிடித்துவிட்டது. அவள் அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. ஆனாலும் மரியாதைக்கு நம்மைத் தன் மாட்டு வண்டியிலேயே கொண்டுவிட வந்தார்.

வழியெல்லாம் அதே கேள்வி. "ஆகாசத்துல இஞ்சின் நின்னா எம்பொண்ணு கதி இன்னாபா?"

"ரெண்டு இருக்குது மாமா. ஒண்ணு நின்னா இன்னொண்ணு இழுக்கும்."

"கோணிக்கினு போவாதா?"

"போவும். வால்ல இருக்குற தகட்டைக் கால்ல உதைச்சு நேராக்குவேன். ஆனா தகட்டுக்குக் காத்து வேகம் வேணும். ஒரு வேகத்துக்குக் கீழ எவ்ளோ உதைச்சாலும் கேக்காது. அப்போ நல்ல இஞ்சினையும் அடக்கிடணும். அதனால, அதுக்கும் மேல கொஞ்சம் வேகம் சேத்துக்கினுதான் தரைய உட்டு ஏறுவேன்."

"நல்லதைப் போய் எவனாவது அடக்குவானா? நல்லா கதை உட்றே!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, இடது மாடு சண்டி பண்ணி நின்றுவிட்டது. அவர் வலது மாட்டை ஓங்கி அடித்தார்.

"நல்ல மாட்டை அடிக்காதீங்க மாமா, புடிங்க!" என்று கத்தினாய்.

"பொறந்ததுலேர்ந்து வண்டி ஓட்டறேன், எனக்கே சொல்றியா?" இன்னொரு அடி. வண்டி இடப்பக்கமாகவே சுற்றி நடவு வயலில் சாய்ந்தது. மூன்று பேரும் சேற்றில். மாடுகள் இரண்டும் சாவகாசமாக நாற்றைத் தின்றன.

அவர் மீசைச் சேற்றை வழித்துக்கொண்டே கேட்டார்: "ஏரோப்ளேன்லயும் இப்டித்தானா?"

"இதே கூத்துதான் மாமா."

சாய்ந்த வண்டியைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அப்போ உன்னை நம்பலாம். சித்திரையில வச்சுக்கலாமா?"

அவர் பயந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பேரப்பிள்ளைகள் சூழ, வீட்டுக் கட்டிலில்தான் கண்ணை மூடினாய்.

போன வாரம் என் பிள்ளைகள் இருவருக்கும் சொத்துப் பாகத் தகராறு. இளையவன் பேசாமல் உட்கார்ந்துவிட்டான், மூத்தவன் எகிறினான். "நீயும் எதனா பேசேண்டா!" என்று எல்லோரும் இளையவனையே உசுப்பினார்கள். நான் மூத்தவன் தோளைப் பிடித்து அழுத்தினேன். "மொதல்ல நீ உக்காருடா."

உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் இளையவன் வாய் திறந்தான்.