கொட்டகையில் அணைத்த பல்புகள்

ஐப்பசி 9, ஞாயிறு
காலையிலிருந்து தூறல். துணி காயலை.
பேரப்பிள்ளைகள் விவரம் எழுதி நாளாச்சு. என் மக மலரோட மகன் அரவிந்த் சிங்கப்பூரில் இஞ்சினியர். பதவி உயர்ந்திருக்காம். என் மகன் செல்வத்தோட மகள் நித்யா நாமக்கல்லில் கால்நடை டாக்டர் படிப்பு, வகுப்பில் முதல். எங்க வம்சத்தில் முதல் டாக்டர். அவ தம்பி பிரவீன் கபடியில் மாவட்டம் வரை போனான். நான் அஞ்சாவதோட நின்னவ.
எழுதினதை எப்பவும் செல்வம் பெண்டாட்டி கலைகிட்ட படிச்சுக் காட்டுவேன். முந்தாநாள்தான் அவளுக்குக் கருமாதி முடிஞ்சது. அப்படி ஒரு மருமக.

ஐப்பசி 10, திங்கள்
முட்டை ஒரு தட்டுகூடத் தேறலை. கோழிக் கொட்டகை பூரா இறகு. தீவனம் போட்டபடி கிடக்கு.
மலர், "யார் கண்ணு பட்டுச்சோ" என்கிறாள்.
செல்வமும் ரெண்டு வாய்தான் சாப்பிட்டான்.

ஐப்பசி 11, செவ்வாய்
நித்யா போன். எல்லாம் கேட்டுட்டு, "அப்பாயி, பல்பு எரியுதா?" என்றாள்.
எரியலை. கலை விடியுமுன்னே போடுவா, பொழுது சாய்ஞ்ச பிறகும் கொஞ்ச நேரம் எரியும். அவ போன அன்னிக்குப் பங்காளி பெரியவர், "ரோட்டுல போறவன் கல்யாண வீடும்பான். கருமாதி வரைக்கும் அணைங்கப்பா" என்றார். சரின்னுதான் எல்லாருக்கும் பட்டுது. அப்புறம் யாருக்கும் நினைப்பில்லை.
"கோழிக்கு வெளிச்சம்தான் கடிகாரம், அப்பாயி. பகல் சுருங்கினா உடம்பு முட்டையை நிறுத்திடும், இறகை உதிர்த்திடும். இருட்டுல இரையும் எடுக்காது."
செல்வம் போனை வாங்கி, "வித்துடுறேம்மா. அவ இல்லாம எனக்கு எதுக்கு?"
"அம்மா குஞ்சா வாங்கி வளர்த்ததுப்பா."
போனை என் கையில் கொடுத்துட்டு வெளியே போயிட்டான்.

ஐப்பசி 13, வியாழன்
நல்ல மழை. வாய்க்கால் நிறைய தண்ணி.
கறிக்கோழி வியாபாரி வந்தார். ஒண்ணைத் தூக்கித் தடவிப் பார்த்தார். "நெஞ்செலும்பு குத்துது அண்ணே. கறிக்கும் ஆகாது. தேத்திட்டுக் கூப்பிடுங்க."
வண்டி போனதும் செல்வம் தீவன மூட்டைமேல உட்கார்ந்து அழுதான். சாவு அன்னிக்குக்கூட அழாதவன். நான் கிட்டப் போகலை.

ஐப்பசி 14, வெள்ளி
சாயந்திரம் அவனே பல்பைப் போட்டான். ஒரேயடியா வேணாம், வாராவாரம் கொஞ்சம் கூட்டுன்னு நித்யா சொல்லியிருக்கா. ரோட்டிலிருந்து ஒரு ஆள், "என்னங்க விசேஷம்?"
"கோழி சாப்பிடுது" என்றான்.

ஐப்பசி 16, ஞாயிறு
வெயில். கோழிங்க தொட்டிக்கு வருது. இவன்தான் இன்னும் சாப்பிடலை. காரணம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. மாலை போட்ட கலை படம், காலேஜில் நித்யாவும் அவளும் நின்ன படத்திலிருந்து ஸ்டுடியோக்காரர் வெட்டி எடுத்தது. மீதித் துண்டு, இவன் சாப்பிடற இடத்துக்கு நேரே மாட்டியிருக்கு. நித்யா தோள்மேல கலையோட கை மட்டும், வளையலோட.
கழட்டச் சொல்ல மனசு வரலை. சுவரும் வெறுமையா இருக்கக் கூடாது.
நித்யாகிட்ட சொல்லணும்: வெள்ளைக் கோட்டு போட்டு, தனியா நின்னு, புதுசா ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு கண்ணு, அந்த இடத்துல மாட்டணும். சீக்கிரம் அனுப்பு.