சூசைப்பிள்ளையின் சம்பளம்

1992 மார்ச் 9, திங்கள்
மழை. பலேர்மோ குவெஸ்தூராவில், பொலிஸ் கந்தோரில், வரிசை தெருவரை. குடையை பஸ்ஸில் விட்டாச்சு. பெர்மெஸோ, இங்கே இருக்கிறதுக்கான அனுமதி, இந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்க, போன வருட உழைப்பைக் காட்ட வேண்டும். நான் வீட்டுவேலை செய்யும் சினியோரா எனக்குரிய வரி எல்லாம் ஒழுங்காகக் கட்டுகிறவர், பயமில்லை என்றுதான் போனேன்.

யன்னலுக்குள் இருந்தவன் கடதாசியைப் புரட்டினான். "அரை வருசம்தான் உழைச்சிருக்கிறீர். காணாது."

"முழு வருசமும் உழைச்சனான்."

"மற்ற அரை வருசம் சூசைப்பிள்ளை எண்டொரு ஆம்பிளை. அதே வீடு. உம்மட மனுசனோ?"

சூசைப்பிள்ளை என் அப்பா. மன்னாரில் செத்து ஆறு வருடம்.

மார்ச் 10
விஷயம் விளங்கிவிட்டது. பாஸ்போட்டில் அப்பா பேர் முன்னுக்கு, என் பேர் பின்னுக்கு. சினியோராவின் பழைய கணக்கர் முன்னுக்கு இருந்ததை ஆளின் பேராக்கி, ரெஜினாவைக் குடும்பப் பேராக்கி, ஆண் என்றும் எழுதிவிட்டார். யூலையில் வந்த புதியவர் சரியாக எழுதினார். ஆக, அந்த வீட்டில் இரண்டு வேலைக்காரர்! ஒருவர் சம்பளமும் பெர்மெஸோவுக்குக் காணாது.

சினியோரா தலையில் கைவைத்தார். "உன்ரை அப்பா நல்லாய் இஸ்திரி போடுறவரோ, ரெஜினா?" சிரித்தோம். எனக்குச் சிரிக்கச் சிரிக்கக் கண் கலங்கியது.

வாங்க: வெங்காயம், சவர்க்காரம், முத்திரை.

மார்ச் 12
பஸ்ஸில் வரும்போதும் அதே நினைப்பு. அப்பாவுக்குக் கரைவலையில் பங்குதான். மீன் பட்டால் உண்டு. சம்பளம் என்று ஒருநாளும் வாங்கியதில்லை. அவருக்கு பலேர்மோவில் மாதச் சம்பளம், லீவு, பென்சன்! ஒரு அரசாங்கம் அவருக்கு இலக்கம் கொடுத்து வைத்திருக்கிறது. மாதாவே, என்ன அதிசயம் இது.

சீசா என்கிற பகுதியில் என்னோடு அறை எடுத்திருக்கும் ஸ்டெல்லா அக்காவுக்குப் பொறாமை. "நாங்கள் எல்லைக் காட்டுக்குள்ளாலை நடந்து வந்தனாங்கள். உன்ரை கொப்பர் சும்மா வந்திட்டார்."

பெர்மெஸோ இல்லாவிட்டால் மகளை இங்கே எடுப்பிக்க முடியாது. மடு அகதி முகாமில் என் தங்கச்சியோடு இருக்கிறாள்.

மார்ச் 19, வியாழன்
நல்ல வெயில். சூசையப்பர் திருநாள். ஆனாலும் நகரசபைக் கந்தோர் திறந்திருந்தது. பேர்ப் பிழையைத் திருத்தச் சத்தியக் கடதாசி எழுதப் போனோம்; சாட்சிக்கு சினியோராவும் ஸ்டெல்லா அக்காவும். சினியோரா கால் வருத்தத்தோடு அத்தனை படியும் ஏறினார், எனக்காக. மண்டபக் கூரை முழுக்க வானதூதர் படம். கோயில் என்று நினைத்துச் சிலுவை போட்டுவிட்டேன். அக்கா இடித்தாள்.

கந்தோர்ப் பெண் எழுதியதை வாசித்தாள். சூசைப்பிள்ளை என்பவரும் ரெஜினா என்பவரும் ஒரே ஆள். அவர் உழைத்தது எல்லாம் இவர் உழைத்ததே.

புல்லரித்துப் போச்சு. அப்பாவுடைய மூக்கு, அவருடைய முன்கோபம், எல்லாம் என்னிடம்தான். இத்தாலிக்காரருக்கு எப்படித் தெரிந்தது?

கையெழுத்து வைத்தேன். இனிப் பெர்மெஸோ வருமாம். சினியோரா கன்னத்தில் கொஞ்சினார்.

பிறகு அந்தப் பெண் பேனையைத் தூக்கிக்கொண்டு கேட்டாள். "இரண்டு பேரிலை ஒராளை வெட்டவேணும். ஆர் இருக்கிறது?"

மகளை நினைத்துக்கொண்டேன்.

"நான்" என்றேன்.